வீட்டுக்கே தடை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தம்பியை அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம், அவன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறான். எதிரே திரையிலும் அதே ஒற்றை வரிதான்: ‘இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

நடுவழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் அது. எந்தத் தூண் எவ்வளவு பருமன், எந்த உத்தரத்துக்கு எத்தனை கம்பி என்றெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அப்பா ஆரம்பித்தது. அப்பா வரைந்து மாமா கட்டிய ஆஸ்பத்திரியின் முகப்பு மண்டபம் ஒரு சாயங்காலம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. அடியில் இரண்டு தொழிலாளிகள். ஒருவர் எழுந்து நடமாடுகிறார். இன்னொருவர் இன்னும் கண் திறக்கவில்லை.

செய்தி வந்தபோது அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லி முடிக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, குரலும் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வந்ததில்லை.

வரைந்ததில் தப்பா, கட்டியதில் தப்பா என்று விசாரணை. இன்று மத்தியானம் தம்பி போய்ப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அப்பா நேரில் போய், கட்டிய கம்பிகளைத் தன் கைபேசியில் படம் எடுத்துவிடுவார். எந்த வேலையானாலும் அதைச் செய்யாமல் திரும்பமாட்டார். அந்தப் படங்களைக் காட்டினால் அப்பாவின் பேர் நிற்கும். காட்டாவிட்டால், வாய் திறக்க முடியாத மனுஷன் தலையில் பழி விழும். அவ்வளவுதான் கதை. இனி நாற்காலிக்கு வருவோம்.

“என்னை அப்பா நம்பலக்கா” என்றான் தம்பி, அவன் அக்கா, மூத்தவள், பையைக் கழற்றி வைப்பதற்குள்.

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?”

“நீயே பாரு. மத்த ஃபோல்டர் எல்லாம் திறக்குது. இது மட்டும் திறக்கல. கடைசிப் படம் எடுத்த அன்னிக்கே பூட்டியிருக்கார். யாருக்கு எதிரா பூட்டினார்? எனக்கு எதிராத்தானே?”

“நகரு. நான் பாக்கறேன்.”

அலுவலகத்தின் வரைபடம், படம், கடிதப் போக்குவரத்து எல்லாம் கணினியில் ஒரே இடத்தில் பொதுவாகச் சேர்ந்து கிடக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிடங்கு. கிடங்கில் யார் எந்த ஃபோல்டருக்குள் போகலாம், யார் போகக்கூடாது என்று பார்த்துக்கொள்வது மூத்தவளின் வேலை. வரைபடம் போடுகிற பிள்ளைகள் அவளைக் கூப்பிடுவதே ‘சாவிக்கா’ என்றுதான். காலையில் வந்து நாற்காலியை இழுப்பதற்குள் நாலு பேர் ‘சாவிக்கா, எனக்குத் திறக்கமாட்டேங்குது’ என்று நிற்பார்கள். அவளும் சலித்துக்கொண்டே திறந்துவிடுவாள். சலித்துக்கொள்ளாமல் திறந்துவிட்டால் மரியாதை இருக்காது என்பது அவள் கட்சி.

போன வாரம் முழுவதும் தம்பியே எதையோ மறைக்கிறானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அப்பா தன்னை வெளியே தள்ளிவிட்டார் என்று நம்புகிற பிள்ளையின் முகம்.

முதலில் அவன் லாகினைப் பார்த்தாள். அதில் கோளாறு இல்லை. ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்துக்குப் போய், ‘தம்பி’ என்று அடித்து, படிக்க, எழுத, எடுக்க எல்லாவற்றுக்கும் சரி போட்டாள்.

“இப்ப திற.”

திறக்கவில்லை.

“வெளியே வந்து மறுபடி உள்ள போ.”

வந்தான், போனான். அதே வரி.

“பாத்தியா?” என்றான், என்னவோ ஜெயித்துவிட்டவன் போல.

“சும்மா இரு. மேல இருக்கற பெரிய ஃபோல்டருக்கு என்ன அனுமதியோ அது தானா கீழ எல்லாத்துக்கும் இறங்கும். இதுக்கு மட்டும் இறங்கல. அப்பா அந்த இணைப்பை வெட்டி விட்டிருக்கார். இது தனியா நிக்குது.”

“அதான் நீ எனக்குத் தனியா குடுத்துட்டியே. அப்புறம் என்ன?”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. கொடுத்த அனுமதி கொடுத்தபடி இருக்கிறது. கதவு மட்டும் திறக்கமாட்டேன் என்கிறது. அப்படியானால் வேறு எங்கோ ஒரு தடை உட்கார்ந்திருக்க வேண்டும். கிடங்கின் சட்டம் ரொம்பக் கறாரானது. நூறு இடத்தில் ‘விடு’ என்று எழுதியிருந்தாலும், ஒரே ஒரு இடத்தில் ‘விடாதே’ என்று இருந்தால் அந்த ஒன்றுதான் செல்லும்.

ஒருவர் பெயரை அடித்தால் அவருக்கு ஏன் அனுமதி இல்லை என்று காரணம் சொல்கிற ஒரு பக்கம் உண்டு. மூத்தவள் தம்பி பெயரை அடித்தாள். வந்தது ஒரே சொல்.

வீடு.

கிடங்கில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தார் அப்பா. வரைகிறவர்கள் ஒரு குரூப். களத்துக்குப் போகிறவர்கள் ஒரு குரூப். குடும்பத்துக்கு ஒரு குரூப். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வீடு. குடும்பப் படங்களைப் போட்டு வைக்க ஆரம்பித்தது அது. “யாரையும் விட்டுடாதீங்க, அப்புறம் மனஸ்தாபம் வரும்” என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தார். போகப் போக அலுவலக ஃபோல்டர்களுக்கும் அதே குரூப்புக்கு முழு உரிமை கொடுத்துவிட்டார். நம்ம வீட்டுக்காரங்களுக்கு நாம என்னத்தைப் பூட்டறது என்பார்.

அந்த மனுஷன்தான் இந்த ஒரு ஃபோல்டரில் ‘வீடு’ என்ற பெயருக்கு எதிரே தடை போட்டிருக்கிறார்.

“வீட்டுக்கேவா?” தம்பி எழுந்து நின்றுவிட்டான். “என்னை மட்டும் இல்ல, உன்னையும் சேத்துத்தான் தள்ளியிருக்கார். அம்மாவையும்.”

“அப்பாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியுமாடா? விடுமுறை நாள் பட்டியலைப் பூட்டி, மொத்த ஆபீசையும் வெளியில நிறுத்தினாரே, மறந்துட்டியா? யாருக்கு எப்ப லீவுன்னே தெரியாம ஒரு வாரம் முழிச்சோம்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு வாரத்தை அந்த அலுவலகத்தில் யாரும் மறக்கமாட்டார்கள்.

“‘விடு’ன்னு போடப் போய், பக்கத்துல இருக்கற ‘தடை’யில பட்டிருக்கும்” என்றாள் மூத்தவள். “அவ்வளவுதான். நீ அதைப் பெரிய புராணமாக்கிட்டே.”

சொல்லும்போதே ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. தவறிப் பட்டது என்றால் தடை மட்டும்தானே பட்டிருக்க வேண்டும்? மேல் ஃபோல்டரின் இணைப்பை வெட்டுவது தவறிப்போய் நடக்கிற காரியம் இல்லை. ‘நிச்சயமாகவா?’ என்று கிடங்கு இரண்டு தடவை கேட்கும். அப்பா இரண்டு தடவையும் ‘ஆம்’ சொல்லியிருக்கிறார்.

“அக்கா, ஒண்ணு செய்யலாம்” என்றான் தம்பி. “அப்பா லாகின்லயே உள்ள போயிடலாம். ஃபோல்டர் அவரோடது. சொந்தக்காரருக்கு எந்தத் தடையும் கிடையாதுன்னு நீதானே சொல்வே?”

“அவர் லாகின் அவர் போனைக் கேக்கும். போன் அவர் விரலைக் கேக்கும்.”

“கேக்கட்டுமே. வீட்டுக்குப் போய், அப்பா கையை மெதுவா எடுத்து, கட்டைவிரலை...”

“சீ! வாயைக் கழுவு.” அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. “வேணாம்னு கையை இழுத்துக்கக்கூட முடியாத மனுஷன்டா அவர். அவர் விரலைப் பிடிச்சு வைக்கறதாம். அப்படி ஒரு காரியத்தை என் உயிர் இருக்கறவரைக்கும் செய்யமாட்டேன், செய்யவும் விடமாட்டேன்.”

தம்பி அசடு வழிந்தான். “சரி, சரி. சும்மா சொன்னேன்.”

இன்னொரு வழி இருந்தது. அது மூத்தவளுக்கு நன்றாகவே தெரியும். தம்பியை வீடு என்ற குரூப்பிலிருந்து எடுத்துவிட்டால் போதும். தடை வீட்டுக்குத்தானே? வீட்டில் இல்லாதவனை அது தடுக்காது. அவள் தனியாகக் கொடுத்த அனுமதி உடனே வேலை செய்யும். வேறு யாருக்கும் கதவு திறக்காது. ஒழுங்கான வழி அதுதான். வெளி ஆள் ஒருவர் வந்து சரி செய்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் செய்திருப்பார்.

அந்தப் பக்கத்தைத் திறந்தும் விட்டாள். ‘தம்பியை வீட்டிலிருந்து நீக்கவா?’ என்று கேட்டது திரை.

தம்பி பக்கத்தில் நின்று அதைப் படித்தான். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா தள்ளிவிட்டார் என்று ராத்திரியெல்லாம் உருகியவன். இப்போது அக்காவும் ஒரு தட்டுத் தட்டி, வீட்டிலிருந்து நீக்குவதா? ஐந்து நிமிஷத்துக்குத்தான், வேலை முடிந்ததும் மறுபடி சேர்த்துவிடலாம்தான். இருந்தாலும் அவளால் முடியவில்லை. விரல் போகவில்லை.

அந்தப் பக்கத்தை மூடினாள். ‘வீடு’ என்ற பெயருக்கு எதிரே இருந்த தடையைத் தொட்டாள்.

அந்தப் பெயரையே ஒரு தடவை தொட்டிருந்தால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாக விரிந்திருக்கும். தன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது திறந்து பார்ப்பார்களா? அவளும் பார்க்கவில்லை. நாம் இங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அவளுக்குக் கேட்கப்போவதில்லை.

தடையை எடுத்து ‘விடு’ என்று மாற்றினாள். ‘நிச்சயமாகவா?’ ஆம். ‘நிச்சயமாகவா?’ ஆம்.

டிங் என்றது அவள் கைபேசி. டிங் என்றது தம்பியுடையது. ‘உங்களுக்கு ஒரு ஃபோல்டர் திறந்துவிடப்பட்டுள்ளது.’ வீடு என்ற குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் கிடங்கு தானாகவே அனுப்பிவைக்கும் செய்தி அது.

“திறந்துடுச்சு!” தம்பி குழந்தை மாதிரி மேஜையைத் தட்டினான். “அக்கா, திறந்துடுச்சுக்கா! இத பாரு, எல்லாம் இருக்கு!”

நூற்றுக்கணக்கில் படங்கள். அஸ்திவாரம் தோண்டிய நாளில் எடுத்தவை மேலே; கடைசி நாளில் எடுத்த மண்டபப் படங்கள் கீழே. தம்பி கீழே இருந்த ஒன்றைத் திறந்தான். பலகைக்கு மேலே கம்பி கட்டியிருந்தார்கள். குறுக்கே ஓர் அளவு நாடா. நாடாவைப் பிடித்திருந்தவை அப்பாவின் விரல்கள்.

தம்பி படத்தைப் பெரிதாக்கினான். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

“என்னடா?”

“கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இவ்வளவு இடம் இருக்கே. நாம இப்படி வரையலையே.” அடுத்ததைத் திறந்தான். “கம்பியும் ஒல்லி. இது நாம சொன்ன கம்பியே இல்லக்கா. சிமெண்ட் குடுத்தவன் ஏமாத்திட்டான்னு மாமா சொன்னாரே? இது சிமெண்ட் விஷயமே இல்லையே.”

அந்த நேரம் பார்த்து மூத்தவளின் கைபேசி அடித்தது. மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. இந்த இரண்டு பேரையும் தோளில் தூக்கி வளர்த்தவர். அப்பா விழுந்த நாளிலிருந்து, வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக ஓடி ஓடி உழைத்தவர். விசாரணையில், ‘என் மச்சான் மேல தப்பில்லைன்னு நானே வந்து சொல்றேன்’ என்றவர்.

“கண்ணு, போல்டர் திறந்துடுச்சாமே?”

“ஆமா மாமா. உங்களுக்கு யார் சொன்னா?”

“போன்ல டிங்குன்னுச்சு. நீ கெட்டிக்காரி, எனக்குத் தெரியும். உங்கப்பா போட்ட முடிச்சை வேற யாரால அவுக்க முடியும்?” சிரித்தார். “தம்பி ஆபீஸ்லதான் இருக்கானா?”

“இருக்கான்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். சாப்பிட்டுட்டுக் கிளம்பச் சொல்லு. அவசரமே இல்ல.”

பேச்சு முடிந்த பிறகும் அவள் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாமா எப்போதும் பேசுகிற பேச்சுதான். ஆனாலும் அவளுக்குப் பகீரென்றது. அந்தச் செய்தி போவது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்.

“எல்லாத்தையும் உன் கம்ப்யூட்டர்ல இறக்கு” என்றாள். “இப்பவே.”

“இறக்கிட்டுத்தான் இருக்கேன். மேலேருந்து ஒண்ணொண்ணா வருது.”

பச்சைக் கோடு ஊர்ந்தது. அஸ்திவாரம் வந்தது. முதல் தூண் வந்தது. வேலையாட்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த படம் வந்தது. பிறகு கோடு நின்றது. ‘இந்தப் படம் கிடங்கில் இல்லை.’

“என்னக்கா இது? இல்லைங்குது?”

“அடுத்தது?”

“அதுவும் இல்லைங்குது.”

மூத்தவள் தன் திரையில் ஃபோல்டரைத் திறந்தாள். பட்டியல் குட்டையாகத் தெரிந்தது. புதுப்பித்துப் பார்த்தாள். இன்னும் குட்டை. மறுபடி. கடைசி நாள் படங்கள் அத்தனையும் போய்விட்டிருந்தன. இப்போது மீதியும் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எங்கேயோ உட்கார்ந்து ஒரு கை, அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

“தடையைப் போடுக்கா! மறுபடி போடு!”

போட்டாள். ‘நிச்சயமாகவா?’ ஆம். ‘நிச்சயமாகவா?’ ஆம், ஆம். ஆனால் புதிதாக வருகிறவரைத்தான் தடை நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே போய்விட்டவரை அந்த நொடியே பிடித்து வெளியே தள்ளாது. அவர் அடுத்த தடவை கதவைத் தட்டும்போதுதான் மறிக்கும். அது தெரிந்தும் அவள் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். பட்டியல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை புதுப்பித்தபோது, ஃபோல்டர் காலி என்றது.

குப்பைத்தொட்டியில் பார்த்தாள். அதையும் கொட்டியிருந்தார்கள். வீட்டுக்கு முழு உரிமையாயிற்றே, குப்பையைக் கொட்டவும் உரிமை உண்டு.

பிறகுதான் அவள் வீடு என்ற அந்தப் பெயரைத் தொட்டாள். வரிசையாக விரிந்தது. அப்பா. அம்மா. மூத்தவள். தம்பி. மாமா.

மாமா பெயருக்கு எதிரே, ‘இப்போது கிடங்கில் இருக்கிறார்’ என்று பச்சைப் புள்ளி ஒன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

“மாமாவா?” என்றான் தம்பி. “நம்ம மாமாவா?”

இப்போது மூத்தவளுக்குப் புரிந்தது. அப்பா மவுஸைத் தவறவிடவில்லை. கம்பியைப் படம் எடுத்து வந்து, மாமாவை மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டு, படத்தைப் பத்திரப்படுத்த நினைத்திருக்கிறார். கிடங்கில் தனி ஆளுக்குத் தடை போட முடியாது, குரூப்புக்குத்தான் போடலாம்; மாமாவை மட்டும் தடுக்க வேண்டும் என்றால் அவரை வீட்டிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பார்? ‘என் கூடப்பிறந்தவன் மட்டும் உங்களுக்கு வெளி ஆளா?’ என்று ஒரு காலத்தில் அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்துதான் மாமா அந்த வரிசையிலேயே ஏறினார். அப்பாவால் முடியவில்லை. அவருக்கும் விரல் போகவில்லை. அதனால் மொத்த வீட்டுக்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார்.

தம்பியை நீக்க மனசு வராமல், மூத்தவள் மொத்த வீட்டுக்கும் சேர்த்துத் திறந்துவிட்டாள்.

“அப்போ அப்பா என்னைத் தள்ளலையாக்கா?” தம்பியின் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“இல்லடா. உன்னைத் தள்ளல.” அவளும் அழுதாள். “நான்தான்டா. நான்தான் பாவி, என் கையாலேயே திறந்து விட்டேன்.”

“மாமாதான் அழிச்சார்னு கிடங்கு சொல்லுமில்ல? அதைக் காட்டலாமே?”

“அழிச்சார்னு சொல்லும். என்னத்தை அழிச்சார்னு சொல்லாது. கல்யாணப் படத்தைத் தேடினேன், கை தவறிப் போச்சும்பார். அவரைத் திறந்து உள்ள விட்டது யாருன்னும் சொல்லும். அங்க என் பேர்தான் இருக்கும்.”

“காப்பி? வாரா வாரம் ஒரு டிஸ்க்ல எடுத்து வெப்பியே?”

அலுவலகம் தீப்பிடித்தாலும் டிஸ்க் பிழைக்க வேண்டும், அதை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அந்த வேறு இடம் மாமா வீட்டு அலமாரி. தம்பிக்கும் அது நினைவு வந்துவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மாமாவின் லாகினை மூத்தவள் அடியோடு அணைத்தாள். இந்தத் தடவை விரல் தயங்கவே இல்லை. எல்லாம் போன பிறகு வருகிற தைரியம்.

“அக்கா.” தம்பி தலையைத் தூக்கினான். “படம் எடுத்தது அப்பா போன்லதானே?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடங்கில் ஏற்றிய பிறகும் அப்பா கைபேசியிலிருந்து எதையும் அழிக்கமாட்டார். அழிக்கத் தெரியாது. இடம் போதவில்லை என்று அது கத்திக்கொண்டே இருக்கும். அவரும் அவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருப்பார். அத்தனை படமும் அதில் இருக்க வேண்டும். அது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்து வைக்கிற மேஜையில் இருக்கிறது.

தம்பி வண்டிச் சாவியைத் தேடினான். மூத்தவள் படியிறங்கிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, அப்பா போன் எங்க?”

“என்னடி மூச்சிரைக்குது? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?”

“போன் எங்கம்மா?”

“உங்க மாமாகிட்ட இருக்கு. இப்பதான் வாங்கினான். மருந்துக்கடைக்காரர் நம்பர் அதுலதான் இருக்குன்னான்.”

மூத்தவள் படியின் நடுவில் நின்றுவிட்டாள். “மாமா அங்கயா இருக்கார்?”

“காலையிலேயே வந்துட்டான். இவ்வளவு நேரம் கூடத்துல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை பாத்துட்டிருந்தான். இப்ப அப்பா ரூம்ல இருக்கான்.” அம்மாவின் குரல் தழைந்தது. “பாக்கவே எனக்குக் கண்ணு கலங்குதுடி. அப்பாவோட வலது கையை, அந்த அசையாத கையை, எடுத்து மடியில வெச்சுக்கிட்டிருக்கான். கட்டைவிரலை ஈரத்துணியால தொடைச்சுத் தொடைச்சு விடறான். கூடப்பிறந்தவன் பாசம் யாருக்கு வரும்?”

“அம்மா!” அவள் போட்ட சத்தத்தில் கீழே காவலாளி திரும்பிப் பார்த்தார். “உள்ள போ. அந்தப் போனைப் பிடுங்கு. மாமாவை உடனே வெளியில அனுப்பு!”

“உனக்குப் பைத்தியமா? வீட்டு மனுஷனை எப்படிடி வெளியில அனுப்பறது?”

“சொன்னாக் கேளும்மா! அந்தப் படம்...”

அப்போதுதான் அது கேட்டது. கைபேசி வழியாக, அம்மாவுக்கும் அப்பால், அந்த அறைக்குள்ளிருந்து. வார்த்தை இல்லை. தொண்டையின் அடியிலிருந்து கிளம்பி, கரகரத்து, மேலே வரமுடியாமல் வருகிற ஒரு சத்தம். மண்டபம் விழுந்த சாயங்காலத்துக்கு அப்புறம் யாருமே கேட்காத குரல். மறுபடி கேட்டது. முன்னைவிடப் பெரிதாக.

“அடியே! கேட்டுச்சா?” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “அப்பாடி! அப்பா குரல்டி அது! என் சாமி, வாய் திறந்துட்டார்! என் தம்பியோட கைராசியைப் பாருடி!”

“அம்மா, உள்ள போம்மா! போ!”

அம்மா ஓடுகிற சத்தம் கேட்டது. கைபேசியை அணைக்காமலே ஓடினாள். மூச்சிரைப்பு, வளையல் சத்தம், அதற்கு மேலே அப்பாவின் அந்தக் குரல், இப்போது ரொம்பப் பக்கத்தில், விடாமல். பிறகு, நிதானமாக, மாமா.

“ஒண்ணுமில்லக்கா, பயப்படாதே. மச்சான் என்கிட்ட ஏதோ தனியா சொல்ல வர்றார். ஒரே ஒரு நிமிஷம். நீ அந்தக் கதவைச் சாத்திட்டுப் போ.”

“சரிடா கண்ணா” என்றாள் அம்மா.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.